தெரு ஒளிப்படமும் தனியுரிமையும்

தெரு ஒளிப்படம் என்பது தெரு, சந்தை, கடற்கரை, கோயில் வாசல், பேருந்து நிலையம் முதலிய பொது இடங்களில் காணப்படும் மனிதர்களை, பெரும்பாலும் அவர்கள் அறியாத வேளையில், ஒத்திகை ஏதுமின்றி எடுக்கும் ஒளிப்படம் ஆகும். எடுப்பவருக்கு இது கலை. சில வேளைகளில் வரலாற்று ஆவணம். படத்தில் அகப்பட்டவருக்கோ தம்மைக் கேளாமல் தம் முகம் எடுத்துச் செல்லப்பட்டது என்ற உறுத்தல் எஞ்சுகிறது. இந்தியாவில் பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுக்க அவரது இசைவு வேண்டும் என்று கூறும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. பெண்களின் அந்தரங்கம், குழந்தைகளின் அடையாளம் முதலியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. இவை பெரும்பாலும் உடலையும் வீட்டையும் காப்பன. தெருவோரத்திலேயே குளித்து, சமைத்து, உறங்கி வாழ்வோருக்கு இவற்றால் கிடைக்கும் காப்பு மிகக் குறைவு.

பின்னணி

ஒளிப்படக்கலை 1839 ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தொடக்க காலக் கருவிகளின் முன் மனிதர்கள் அசையாமல் அமர வேண்டியிருந்ததால், ஒருவரை அவர் அறியாமல் படம் எடுப்பது இயலாத செயலாக இருந்தது. 1888 இல் கோடாக் நிறுவனத்தின் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறியது. இரண்டே ஆண்டுகளில், 1890 இல், அமெரிக்க வழக்கறிஞர்களான சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் ஆகியோர் தனியுரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். நொடிப்பொழுதில் எடுக்கப்படும் ஒளிப்படங்களும் செய்தித்தாள்களும் இல்வாழ்வின் எல்லைக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்களின் முறையீடுகளுள் ஒன்று. தனியுரிமை என்ற சட்டக் கருத்தே ஓரளவு ஒளிப்படக் கருவியின் மீதான எரிச்சலில் பிறந்தது எனலாம்.

மறைந்து எடுப்பது இக்கலையின் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கமாகும். வாக்கர் எவன்சு என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்கத் தொடருந்துகளில் தம் மேலங்கிக்குள் கருவியை மறைத்து எதிரே அமர்ந்திருந்தோரைப் படம் எடுத்தார். ஆயினும் அப்படங்களை நூலாக வெளியிட 1966 வரை காத்திருந்தார். இன்று எடுத்த படம் அடுத்த நிமிடமே உலகெங்கும் செல்கிறது. அக்காலத்து மனத்தடை இன்று பெரும்பாலும் காணப்படுவதில்லை.

தமிழகத்தில் தொடக்க காலம்

சென்னை ஒளிப்படச் சங்கம் 1857 இல் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் லின்னேயசு திரைப் என்னும் படை அதிகாரி மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். அப்படங்களில் மனிதர்கள் அரிதாகவே தென்படுகின்றனர். மனிதரைப் படம் எடுக்கும் ஆர்வம் அடுத்த கட்டத்தில் ஆட்சியாளர்களிடமிருந்து வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற நூல் மக்களைச் சாதி வாரியாகவும் இன வாரியாகவும் படங்களுடன் வகைப்படுத்தியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்சுடன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909 இல் வெளியிட்டார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களுள் சிறந்தவர்களைத் தேர்ந்து பாடஞ்செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சியதாக அவரே எழுதியுள்ளார். இதை அவர் வேடிக்கையாகவே குறிப்பிடுகிறார். அவர்களின் அளவுகளும் உருவங்களும் நூலிலும் ஆவணங்களிலும் நிலைத்துவிட்டதை நோக்கினால், அப்பெண்களின் அச்சம் முற்றிலும் பொருளற்றது என்று கூறிவிட முடியாது.

படம் எடுத்தால் ஆயுள் குறையும், கண்ணேறு படும் என்ற நம்பிக்கைகள் தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவின. குறிப்பாகக் கைக்குழந்தைகளைப் படம் எடுக்கப் பெரியவர்கள் விடுவதில்லை. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. தன் உருவம் தன்னைவிட்டுப் பிரிந்து அறியாதவர் கைக்குச் செல்வது குறித்த தயக்கம் இவற்றின் அடியில் இருப்பதையும் காணலாம்.

வீடும் தெருவும்

சட்டம் பொதுவாக இரண்டு இடங்களை அறியும்: வீடு, பொது இடம். தமிழ் ஊர்களிலோ இவ்விரண்டுக்கும் நடுவே திண்ணையும் வாசலும் உள்ளன. திண்ணையில் வழிப்போக்கரும் அமரலாம். ஆயினும் அது வீட்டாருடையது. விடியற்காலையில் பெண்கள் சாணம் தெளித்துக் கோலமிடும் இடம் வருவாய்த்துறைக் கணக்கில் தெருவாக இருக்கலாம். அவர்களுக்கு அது தம் வாசல். இரவு உடையில், தலை வாராமல், குனிந்து கோலமிடும் பெண், தெருவில் நடப்போரின் பார்வையை இயல்பாக ஏற்கிறார். அக்கம்பக்கத்தாரின் பார்வை கடந்து செல்லும் பார்வை. கருவியின் பார்வை நின்றுவிடுகிறது. பின்னர் அறியாத ஊர்களுக்கும் சென்றுவிடுகிறது. கோலமிடும் பெண் தெரு ஒளிப்படக் கலைஞர்கள் மிக விரும்பும் காட்சிகளுள் ஒன்று என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது.

இத்தகைய ஒரு நிலை 2024 இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தம் வீட்டின் முன் நின்ற பெண்ணை இருவர் படம் எடுத்ததாக வழக்கு. எவரும் காணக்கூடிய இடத்தில், அந்தரங்கச் செயல் எதிலும் ஈடுபடாத நிலையில் இருந்த ஒருவரைப் படம் எடுத்தது, மறைந்து நோக்குதல் என்னும் குற்றமாகாது என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும் பெண்ணின் மானத்துக்கு இழுக்கு விளைவித்தல் பற்றிய 509 ஆம் பிரிவின் குற்றச்சாட்டு தனியே விசாரணைக்கு விடப்பட்டது.

கடலூர், 2004

தமிழகத்தில் எடுக்கப்பட்டு உலகெங்கும் அறியப்பட்ட ஒளிப்படங்களுள் ஒன்று, ஆழிப்பேரலை தாக்கிய இரண்டு நாள்களுக்குப் பின், 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்சு நிறுவன ஒளிப்படக் கலைஞர் ஆர்க்கோ தத்தா கடலூரில் எடுத்த படம் ஆகும். இறந்த உறவினரின் அருகே மணலில் விழுந்து, இரு உள்ளங்கைகளையும் வானை நோக்கி விரித்து அழும் ஒரு பெண்ணை அது காட்டுகிறது. இறந்தவரின் கை மட்டுமே படத்தின் ஓரத்தில் தெரிகிறது. உலகச் செய்தி ஒளிப்பட அமைப்பு இதனை 2004 ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தது.

பிணத்தை முழுமையாகக் காட்டாமல் கையை மட்டும் காட்டிய அடக்கத்துக்காக இப்படம் பாராட்டப்படுகிறது. அழும் பெண்ணின் முகத்துக்கு அவ்வடக்கம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அத்தகைய நேரத்தில் இசைவு கேட்பது எவருக்கும் இயலாது. தமிழ்ச் சமூகத்தில் சாவு ஊரறிய நிகழ்வது. ஒப்பாரி வாசலில் வைக்கப்படுவது. ஆகவே துயரம் எங்கும் மறைக்க வேண்டிய ஒன்று என்ற மேலைநாட்டு அளவுகோல் இங்கு அப்படியே பொருந்தாது. எனினும், ஊரார் முன் அழுவதும் உலகத்தார் முன் அழுவதும் ஒன்றல்ல. பேரழிவின் அளவை வெளியுலகுக்கு உணர்த்தியதில் இத்தகைய படங்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

கூவாகம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் உள்ள கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் நடைபெறும் விழாவுக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கைகள் வருகின்றனர். அரவானை மணந்து தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெண்புடவை அணிந்து அழுவதும் சடங்கின் பகுதிகளாகும். இந்த அழுகையைச் சூழ்ந்து ஒளிப்படக் கலைஞர்கள் நெருக்கமாக நிற்பது வழக்கமாகிவிட்டது. இது குறித்துத் திருநங்கையர் பலமுறை மனக்குறை தெரிவித்துள்ளனர். குடும்பத்தாருக்குத் தெரியாமல் வருவோரும் உளர். அத்தகையவருக்குச் செய்தித்தாளில் வரும் ஒரு படம் வீட்டையும் வேலையையும் இழக்கச் செய்யக்கூடும். விழாவுக்கு வந்திருப்பது பொதுச்செயல். எனினும் தம்மை யாரிடம், எப்பொழுது வெளிப்படுத்துவது என்பது அவரவர் முடிவு செய்ய வேண்டியது. படம் அம்முடிவை அவர் கையிலிருந்து பறித்துவிடுகிறது.

சோழவரம், கும்மிடிப்பூண்டிப் பகுதி

திருவள்ளூர் மாவட்டத்தில், செங்குன்றத்துக்கு வடக்கே, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிச் சோழவரம் அமைந்துள்ளது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று இங்குள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வானூர்தி ஓடுபாதையில் 1950களிலிருந்து 1980கள் வரை நடைபெற்ற தானுந்துப் பந்தயங்களால் இவ்வூர் நாடறிந்த பெயர் பெற்றது. ஓடுபாதையின் ஓரத்தில் பெருங்கூட்டம் கூடியது. பந்தயக்காரர்களும் பார்வையாளர்களும் படங்களில் இடம்பெற்றனர். அங்கு வந்தவர்கள் பார்க்கவும் பார்க்கப்படவும் வந்தவர்கள். படம் எடுக்கப்படுவது அவர்களுக்குத் தொல்லையன்று.

இதே வட்டாரத்தில் வேறொரு மக்கள் கூட்டமும் கருவியின் முன் நிற்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கற்சூளைகளுக்கு ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வருகின்றனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் பணியாற்றுகின்றனர். சூளைத் தொழிலாளர்கள் சூளையின் ஓரத்தில், அறுத்த செங்கற்களையே அடுக்கி எழுப்பிய தாழ்ந்த குடிசைகளில் தங்குகின்றனர். சமையல் வெளியில், குளியல் மோட்டார் குழாயடியில், குழந்தை உறங்குவது மரக்கிளையில் கட்டிய தூளியில். செம்மண், புகை, தலையில் செங்கல் சுமக்கும் பெண் என இவை யாவும் ஒளிப்படக் கலைஞரை ஈர்க்கும் காட்சிகள். சாலையில் நின்று பார்த்தால் அனைத்தும் பொது இடம் போலவே தெரியும். அங்கு வாழ்பவருக்கு அதுவே சமையலறை, அதுவே குளியலறை. சுவர் எழுப்ப வசதியுள்ளவருக்குச் சட்டம் காக்கும் தனியுரிமை, சுவர் இல்லாதவருக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இதுவரை எந்தச் சட்டத்திலும் இல்லை.

இம்மாவட்டத்தில் சூளைகளிலிருந்து கொத்தடிமைத் தொழிலாளர்களை வருவாய்த்துறையினர் பலமுறை மீட்டுள்ளனர். கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மீட்கப்பட்டோரை வரிசையில் அமர்த்தி எடுக்கும் படம் இத்தகைய செய்திகளுடன் வெளியாவது வழக்கம். அப்படம் கொடுமைக்குச் சான்றாகிறது. அதே வேளையில் முகவரின் ஊரிலேயே திரும்பவும் வாழ வேண்டிய தொழிலாளியை அடையாளம் காட்டியும் விடுகிறது. அவ்வரிசையில் குழந்தைகள் இருந்தால் நிலைமை வேறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதை 2015 ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின் போது, சென்னையிலிருந்தும் சுற்றுப்புறத் தொழிற்பேட்டைகளிலிருந்தும் புறப்பட்ட வடமாநிலத் தொழிலாளர்கள் இந்த நெடுஞ்சாலை வழியே ஆந்திர எல்லையை நோக்கி நடந்தனர். அந்நாள்களில் இந்தியச் சாலைகளில் எடுக்கப்பட்ட படங்களே அரசுகளைத் தொடருந்துகளை இயக்கும்படி நெருக்கிய காரணங்களுள் ஒன்று. சோற்றுப் பொட்டலத்தை நீட்டும் கையும் வாங்கும் கையும் முகங்களுடன் எடுக்கப்பட்ட படங்களும் அதே சாலைகளில்தான் எடுக்கப்பட்டன. பசித்திருப்பவர் கருவியை மறுத்தால் பொட்டலம் கிடைக்காமல் போகலாம் என்று எண்ணக்கூடிய நிலையில், அவரது மௌனத்தை இசைவு என்று கொள்வது கடினம்.

இதற்கு ஒப்பான பழைய நிகழ்வு ஒன்று உண்டு. 1936 இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிப்போர் முகாமில் இருந்த ஏழைத் தாயைத் தொரோத்தியா லாங்கே எடுத்த படம், 'புலம்பெயர்ந்த தாய்' என்ற பெயரில் புகழ்பெற்றது. படம் வெளியானதும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அத்தாய் அங்கிருந்து சென்றுவிட்டார். புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்ற அவரது பெயர் 1978 இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் அப்போது வருந்தினார்.

இந்தியச் சட்ட நிலை

தனியுரிமை பற்றிய இந்தியத் தீர்ப்புகளுள் முதன்மையான ஒன்று தமிழகத்திலிருந்து எழுந்தது. 'நக்கீரன்' இதழ், ஆட்டோ சங்கர் என்ற மரண தண்டனைக் கைதியின் தன்வரலாற்றை வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்க முயன்றனர். ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 இல் தீர்ப்பளித்தது. தன்னைத் தன்போக்கில் விட்டுவிடுமாறு கோரும் உரிமை, வாழ்வுரிமையைக் கூறும் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பில் அடங்கும் என்றும், பொது ஆவணங்களில் உள்ள செய்திகளுக்கு அது பொருந்தாது என்றும் நீதிமன்றம் கூறியது. 2017 ஆகத்து 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தம் தனியுரிமையை இழந்துவிடுவதில்லை என்று அத்தீர்ப்பில் கூறப்பட்டது தெரு ஒளிப்படத்தைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்கது. ஆனால் இவ்வுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. தெருவில் படம் எடுக்கும் தனிமனிதருக்கு எதிராக அதை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பது தீர்க்கப்படவில்லை.

அரசுக்கு எதிராக அது பயன்பட்டதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2020 மார்ச் மாதம், போராட்டத்தில் ஈடுபட்டோரின் படங்களையும் முகவரிகளையும் தாங்கி இலக்னோ நகரில் உத்தரப் பிரதேச அரசு வைத்த பதாகைகளை அகற்றுமாறு அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

குற்றவியல் சட்டங்கள் குறுகிய எல்லை கொண்டவை. 2008 இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவு, ஒருவரது உடலின் மறைவான பகுதிகளை அவரது இசைவின்றிப் படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் குற்றமாக்குகிறது. பொது இடத்துக்கும் இது பொருந்தும். 2013 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354-சி பிரிவு, அந்தரங்கச் செயலில் உள்ள பெண்ணை நோக்குவதையோ படம் எடுப்பதையோ தண்டிக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவில் இது 77 ஆம் பிரிவாக உள்ளது. மறைவை எதிர்பார்க்கத்தக்க இடம் என்பது இப்பிரிவின் நிபந்தனைகளுள் ஒன்று. சூளையின் குழாயடியில் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக் குளிக்கும் பெண்ணுக்கு இது பயன்படுமா என்பது அந்த எதிர்பார்ப்பை நீதிமன்றம் எப்படி அளக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 1998 ஆம் ஆண்டுப் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டமும் உண்டு. பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ உண்டாக்கும் ஒழுங்கற்ற நடத்தையை அது தண்டிப்பதால், பின்தொடர்ந்து படம் எடுப்போர் மீது அதைப் பயன்படுத்த இடமுண்டு.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒளிப்படத்தின் ஆக்கியோன் அதை எடுத்தவரே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு உரிமை செல்லலாம். படத்தில் இருப்பவருக்கு, அவர் முகமே படமாக இருந்தாலும், பதிப்புரிமையில் பங்கு இல்லை.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான அம்மனுவில், வழிபடும் பெண்கள் தம்மை அறியாமல் படம் எடுக்கப்படக்கூடும் என்ற கவலையும் கூறப்பட்டிருந்தது. தனிப்பட்ட செயலைத் தடுக்க இயலாதபோது கருவியையே வாசலில் வாங்கி வைக்கும் இம்முறை எளியது. தெருவுக்கோ சந்தைக்கோ இதைப் பயன்படுத்த இயலாது.

பிற நாடுகளில்

பிரான்சில் ஒருவரது உருவத்தின் மீது அவருக்கே உரிமை உண்டு என்பது நீதிமன்றங்களால் நிலைநாட்டப்பட்டது. செருமனியில், 1898 இல் பிசுமார்க்கின் சடலத்தை இருவர் இரவில் புகுந்து படம் எடுத்த நிகழ்வுக்குப் பின் 1907 இல் உருவ உரிமைச் சட்டம் வந்தது. அங்கேரியில் 2014 முதல் படம் எடுப்பதற்கே இசைவு தேவை. கூட்டத்தை எடுப்பதற்கு விலக்கு உண்டு. கனடாவின் கியூபெக்கில், மொன்றியல் நகரப் படிக்கட்டில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை இசைவின்றி வெளியிட்ட இதழும் ஒளிப்படக் கலைஞரும் அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998 இல் உறுதி செய்தது. படத்தில் இழிவு எதுவும் இல்லை. பள்ளித் தோழர்கள் கேலி செய்ததே அவரது துன்பம்.

அமெரிக்காவில் இதற்கு எதிர்மாறான நிலை. பிலிப்-லோர்க்கா திகோர்சியா என்பவர் நியூயார்க் தைம்சு சதுக்கத்தில் விளக்குகளை மறைத்துப் பொருத்தி நடந்து செல்வோரைப் படம் எடுத்தார். அவர்களுள் ஒருவரான யூத முதியவர், தம் சமயம் உருவம் எடுப்பதை ஏற்காது என்று வழக்குத் தொடுத்தார். அப்படங்கள் கலை என்பதால் கருத்துரிமைக்கு உட்பட்டவை என 2006 இல் வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது.

ஒளிப்படக் கலைஞரிடையே

கேட்டு எடுத்தால் இயல்பு கெடும் என்பது தெரு ஒளிப்படக் கலைஞர்களின் பொதுவான வாதம். எடுத்தபின் காட்டி, வேண்டாம் என்றால் அழித்துவிடுவது சிலர் பின்பற்றும் நடுவழி. முகம் தெரியாமல் நிழலையும் முதுகையும் கைகளையும் மட்டும் எடுப்போரும் உளர். மயிலாப்பூர் மாடவீதிகள், காசிமேட்டு மீன்பிடி துறைமுகம், கோயம்பேடு சந்தை ஆகியவை சென்னையில் இத்தகைய கலைஞர்கள் விரும்பிச் செல்லும் இடங்கள். ஏலம் கூவும் மீனவப் பெண்கள் கருவியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதோ, படம் எடுத்தவரை உரத்த குரலில் விரட்டுவதோ சட்டத்தின் துணையின்றித் தாமே செயல்படுத்தும் மறுப்பாகும். சூளைத் தொழிலாளி மொழி தெரியாதவர். முதலாளியின் இடத்தில் தங்கியிருப்பவர். அவருக்கு அந்தக் குரல் வாய்ப்பதில்லை.

2025 சனவரியில் பிரயாக்ராசு கும்பமேளாவில் மாலை விற்ற ஓர் இளம்பெண்ணின் படங்கள் பரவியபின், அவரைக் காணவும் படம் எடுக்கவும் கூட்டம் சூழ்ந்ததால் அவரது வணிகம் நின்றுபோனது. அவர் ஊர் திரும்ப நேர்ந்தது.

முகங்களைக் கணினி அடையாளம் காணத் தொடங்கியபின், தெருவில் எடுத்த பெயரற்ற முகத்துக்குப் பெயர் சூட்டுவது எளிதாகிவிட்டது. தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. அதன் தரவுத்தளத்தில் 2024 மே மாதத்தில் ஊடுருவல் நிகழ்ந்தது. 2023 ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட அல்லது இல்லப் பயன்பாட்டுக்காக ஒருவர் கையாளும் தரவுகளுக்கு விலக்கு அளிக்கிறது. முந்தைய வரைவுகளில் இதழியலுக்கு இருந்த விலக்கு இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.